வீட்டைவிட்டுப் போன பிறகும் ஏன் அப்பா அம்மாவின் வருமானத்தைக் கேட்கிறார்கள்?

இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருமே ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது. வயது பதினெட்டு ஆகிவிட்டது, ஓட்டுப் போடலாம், வாடகை ஒப்பந்தத்தில் தன் பெயரிலேயே கையெழுத்தும் போட்டாயிற்று. லீட்ஸிலோ நாட்டிங்ஹாமிலோ அறை எடுத்துத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற ஒருவரிடம், கல்விக் கடனுக்கான விண்ணப்பம் மட்டும் 'உங்கள் பெற்றோரின் வருமானம் என்ன?' என்று கேட்கிறது. 'நான்தான் வீட்டைவிட்டு வந்துவிட்டேனே, இனி என் வருமானத்தைத்தானே பார்க்க வேண்டும்?' என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

கடன் இரண்டு வகை. முதலாவது கல்விக் கட்டணத்துக்கானது. 2025-26 கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 9,535 பவுண்டு. இந்தக் கடனுக்கும் குடும்ப வருமானத்துக்கும் சம்பந்தமே இல்லை. கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே தொகைதான், பணம் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். அதை இங்கேயே விட்டுவிடலாம். சிக்கலெல்லாம் இரண்டாவதில்தான் இருக்கிறது. வாடகை, சாப்பாடு, பஸ், புத்தகம் எல்லாவற்றுக்கும் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும் மெயின்டனன்ஸ் லோன் அது.

இந்த லோன் எவ்வளவு என்பதை இரண்டு தனித்தனிக் கேள்விகள் தீர்மானிக்கின்றன. நீ எங்கே தங்கிப் படிக்கிறாய்? யாருடைய வருமானத்தைக் கணக்கில் எடுப்பது? வீட்டைவிட்டு வெளியேறுவது முதல் கேள்விக்கான பதிலை மட்டும்தான் மாற்றுகிறது, இரண்டாவதைத் தொடுவதில்லை. பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் செப்டம்பரில் கணக்கில் பணம் விழும்போது அதிர்ச்சி அடைகிறார்கள்.

முதல் கேள்வி எளிது. 2025-26இல் பெற்றோர் வீட்டிலிருந்து படிப்பவருக்கு அதிகபட்சம் 8,877 பவுண்டு. வெளியே தங்கி லண்டனுக்கு அப்பால் படித்தால் 10,544. லண்டனுக்குள் தனியாகத் தங்கினால் 13,762. ஆக, வீட்டைவிட்டுப் போவதால் மேல்வரம்பு உயர்வது உண்மைதான். ஆனால் இந்த முழுத்தொகையும் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 25,000 பவுண்டோ அதற்குக் கீழோ இருந்தால்தான் கிடைக்கும். அதைத் தாண்டினால் வருமானம் ஆறேழு பவுண்டு கூடக் கூட, கடன் ஒரு பவுண்டு என்ற கணக்கில் குறைந்துகொண்டே போகும். லண்டனுக்கு வெளியே தங்கிப் படிப்பவருக்கு, பெற்றோரின் வருமானம் 62,000 பவுண்டைச் சற்றுத் தாண்டும்போது கடன் 4,915இல் வந்து நின்றுவிடும். அதற்கு மேல் வருமானம் எவ்வளவு கூடினாலும் அதற்குக் கீழே இறங்காது.

அந்த 4,915ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2023-24இல் லண்டன் அல்லாத பத்து நகரங்களில் மாணவர் விடுதிகளின் சராசரி வாடகையை யூனிபோல் என்ற அமைப்பும் ஹெப்பி என்ற உயர்கல்வி ஆய்வு நிறுவனமும் கணக்கிட்டன. ஆண்டுக்கு 7,566 பவுண்டு வந்தது. அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கடன் 4,651. வாடகையிலேயே ஏறக்குறைய மூவாயிரம் துண்டு விழுகிறது, சாப்பாட்டுக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

சரி, குடும்ப வருமானம் என்பது என்ன? வரி பிடிப்பதற்கு முந்தைய மொத்த வருமானம். அதிலிருந்து பெற்றோர் தங்கள் ஓய்வூதியத்துக்குக் கட்டும் பணத்தைக் கழிப்பார்கள். வீட்டில் பெற்றோரை நம்பி வாழும் வேறு பிள்ளை ஒவ்வொருவருக்கும் 1,130 பவுண்டு கழிப்பார்கள். கடை வைத்திருப்பவர் என்றால் வரித்துறைக்குக் காட்டிய லாபம்தான் வருமானம், கல்லாவில் விழுந்த பணம் அல்ல. எந்த ஆண்டின் வருமானம் என்பதும் முக்கியம். 2025-26இல் படிப்பவருக்கு 2023 ஏப்ரலிலிருந்து 2024 ஏப்ரல் வரையிலான வருமானத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இடையில் அப்பாவுக்கு வேலை போயிருந்தாலோ அம்மா அரைநேர வேலைக்கு மாறியிருந்தாலோ, அந்தப் பழைய கணக்கு பொய்யாகிவிடும். வருமானம் குறைந்தது 15 சதவீதம் விழுந்திருந்தால் நடப்பாண்டு வருமானத்தை வைத்து மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம். இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் விட்டுவிடும் குடும்பங்கள் இருக்கின்றன என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மாணவர் பகுதிநேர வேலையில் சம்பாதிப்பது இந்தக் கணக்கில் வராது. சூப்பர்மார்க்கெட்டில் வார இறுதியில் நின்றால் கடன் குறைந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. மாணவரின் பெயரில் வீட்டு வாடகை, முதலீட்டு ஈவுத்தொகை என்று ஏதாவது வந்தால் மட்டும் அது சேரும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வெம்ப்ளியில் இருக்கிறார்கள். அப்பா கிடங்கில் வாரம் 40 மணி நேரம், அம்மா கடையில் 20 மணி நேரம், இருவருக்கும் குறைந்தபட்சக் கூலிதான். 2023-24இல் அது மணிக்கு 10.42 பவுண்டு. இருவரும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 32,500. பள்ளியில் படிக்கும் தம்பிக்காக 1,130 கழிந்தால் 31,400க்குச் சற்றுக் கீழே நிற்கும். பெரிய மகள் ஷெஃபீல்டுக்குப் போகிறாள். இவளுக்கு முழுத்தொகையான 10,544 கிடைக்காது, சுமார் 9,600தான் கிடைக்கும். நாட்டின் ஆகக் குறைந்த கூலியில் வேலை செய்யும் பெற்றோர் இவர்கள். இவர்களைப் பார்த்து, 'மிச்சம் ஆயிரம் பவுண்டை நீங்கள் கொடுங்கள்' என்கிறது இந்தக் கணக்கு.

இதற்குக் காரணம் அந்த 25,000 என்ற எல்லை. அது 2008இலிருந்து அசையவே இல்லை. விலைவாசியும் சம்பளமும் ஏறிக்கொண்டே போக, அந்தக் கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி 12.21 பவுண்டு ஆனது. அந்தக் கூலியில் வாரம் 40 மணி நேரம் வேலை செய்யும் ஒரே ஒருவர் ஆண்டுக்கு 25,397 பவுண்டு சம்பாதிப்பார். அதாவது ஒற்றை ஆளாக நின்று பிள்ளை வளர்க்கும் தாய் ஒருத்தி, சட்டப்படி இதற்குக் கீழே கொடுக்கவே முடியாது என்ற சம்பளத்தில் வேலை செய்தாலும், முழுக்கடன் எல்லையைத் தாண்டிவிடுகிறாள். யாரும் நாடாளுமன்றத்தில் எழுந்து 'ஏழைப் பிள்ளைகளுக்கான உதவியைக் குறைக்கிறோம்' என்று அறிவிக்கவில்லை. ஒரு எண்ணைத் தொடாமல் விட்டதே போதுமாக இருந்தது.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடவும் உறுத்தலாக இருக்கிறது. பெற்றோரின் வருமானம் கூடினால் கடனைக் குறைக்கிறார்கள் என்றால், குறைந்த அளவைப் பெற்றோர் தருவார்கள் என்று எதிர்பார்க்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஆனால் வீட்டுக்கு வரும் கடிதத்தில் 'நீங்கள் இவ்வளவு தர வேண்டும்' என்று ஒரு தொகை இருப்பதில்லை. பிள்ளைக்கு இவ்வளவு கடன் என்ற எண் மட்டும் இருக்கும். அதை முழுத்தொகையிலிருந்து கழித்துப் பார்த்து, மிச்சம் தன் தலையில் விழுகிறது என்று பெற்றோரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். உயர்கல்வி நிதியை ஆராய அரசு அமைத்த பிலிப் ஆகர் குழு 2019 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, இந்தப் பெற்றோர் பங்கைத் தெளிவாகச் சொல்லுங்கள் என்று பரிந்துரைத்தது. நுகர்வோர் நிதி விஷயங்களைப் பேசிவரும் மார்ட்டின் லூயிஸும் பல ஆண்டுகளாக இதையே கேட்டுவருகிறார்.

நம்மவர்களில் பலர் பிள்ளையின் படிப்பு என்றால் கடன் வாங்கியாவது கொடுத்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் கொடுக்க வேண்டும் என்று சட்டம் எந்தப் பெற்றோரையும் கட்டாயப்படுத்தவில்லை. வருமானம் இருந்தும் கொடுக்காத அப்பாவின் பிள்ளைக்குக் குறைந்த கடனும் கிடைக்கிறது, வீட்டுப் பணமும் கிடைப்பதில்லை. பெற்றோர் பிரிந்திருந்தால் யாரோடு இருக்கிறாரோ, யாரை நம்பி இருக்கிறாரோ அந்த ஒருவரின் வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அம்மா மறுமணம் செய்திருந்தாலோ, மணம் முடிக்காமலே ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்தாலோ, அந்த மனிதரின் சம்பளமும் கூட்டப்படும். போன வருடம் வீட்டுக்கு வந்த மாற்றாந்தந்தை நல்ல சம்பளக்காரர் என்றால், அவர் ஒரு பென்னி கொடுக்காவிட்டாலும் பிள்ளையின் கடன் குறையும்.

பதினெட்டு வயதில் ஒருவர் முழு வயதினர் என்றால், எதற்காகப் பெற்றோரோடு முடிச்சுப் போட வேண்டும்? இந்த முடிச்சு கடன் திட்டத்தைவிடப் பழையது. 1962 கல்விச் சட்டத்தின் கீழ் மாணவர்களுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியபோதே பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அதற்கு முன் 1960இல் சர் காலின் ஆண்டர்சன் தலைமையிலான குழுவில் பெரும்பான்மையோர், பெற்றோர் பங்கு என்பதையே எடுத்துவிடலாம் என்றார்கள். அரசு ஏற்கவில்லை. அப்போது முழு வயது 21, பல்கலைக்கழக மாணவர்களில் பெரும்பாலோர் சட்டப்படி இன்னும் சிறார்கள். 1970 தொடக்கத்தில் முழு வயது 18 ஆனது. மாணவர் நிதிக் கணக்கு மட்டும் அதோடு சேர்ந்து மாறவில்லை. இன்றைக்கும் அது ஒருவரை 25 வயது வரை பெற்றோரை நம்பியிருப்பவராகவே எடுத்துக்கொள்கிறது.

இந்த விதிக்கு விலக்கு உண்டு. விலக்குப் பெற்றவரை இன்டிபென்டென்ட் மாணவர் என்பார்கள். கல்வியாண்டின் முதல் நாளில் 25 வயது நிரம்பியிருந்தால் போதும், வேறு கேள்வி இல்லை. அதற்குக் கீழே என்றால் மணமானவராக இருக்க வேண்டும், அல்லது 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை வளர்ப்பவராக இருக்க வேண்டும். பெற்றோர் இருவரும் இறந்திருந்தாலோ, உள்ளாட்சியின் பராமரிப்பில் வளர்ந்தவராக இருந்தாலோ பெற்றோர் வருமானம் கேட்கப்படாது. மூன்று ஆண்டுகள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாழ்ந்தவருக்கும் விலக்கு உண்டு. இந்தக் கடைசி வழியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த மூன்று ஆண்டுகள் படிப்பு தொடங்குவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, விட்டுவிட்டுச் சேர்த்தாலும் சரி, ஆனால் சம்பளச் சீட்டு, பி60 (ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி முதலாளி தரும் சான்று) போன்றவை வேண்டும். பதினெட்டில் படிப்பைத் தொடங்கி, மூன்று ஆண்டும் இரவுநேர வேலை செய்து தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டாலும் அந்த உழைப்பு இந்தக் கணக்கில் ஏறாது. இருபத்தொரு வயதில் வேலையை விட்டுப் படிக்க வருகிறவருக்குத்தான் இந்தக் கதவு.

இன்டிபென்டென்ட் ஆகிவிட்டால் வீட்டு வருமானமே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. கணவனோ மனைவியோ சேர்ந்து வாழ்ந்தால் அவர் வருமானம் கணக்கில் வரும். பெற்றோர் இருந்த இடத்தில் துணை வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவ்வளவுதான்.

உண்மையிலேயே வீட்டைவிட்டு வெளியேறியவர்கள், திரும்பிப் போக முடியாதவர்கள், இவர்களுக்கென்று இருப்பது இன்னொரு விலக்கு: பெற்றோருடன் உறவு அறுந்த நிலை. ஓராண்டுக்கு மேல் இரு பெற்றோரோடும் எந்தத் தொடர்பும் இல்லை என்று காட்ட வேண்டும். அல்லது ஓராண்டு ஆகாவிட்டாலும், இந்த உறவு இனி ஒட்டாது என்பதை வேறு வகையில் நிறுவ வேண்டும். பெற்றோரோடு ஒத்துப்போகவில்லை, அவர்களோடு வசிக்கவில்லை என்பது மட்டும் போதாது. பெற்றோர் வருமான விவரத்தைத் தர மறுக்கிறார்கள் என்பதும் போதாது. அவர்கள் தராவிட்டால் மாணவருக்கு அந்தக் குறைந்தபட்சத் தொகைதான்.

சாட்சி சொல்ல வெளியாள் ஒருவர் வேண்டும். ஆசிரியர், மருத்துவர், சமூகப் பணியாளர், போலீஸ், மதகுரு போன்ற ஒருவர், குடும்ப நிலை தனக்குத் தெரியும் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். படிக்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். சாதி மாறி ஒருவரை விரும்பியதற்காகவோ, வீட்டில் பார்த்த கல்யாணத்தை மறுத்ததற்காகவோ, தன்பால் ஈர்ப்பு உள்ளவள் என்று சொன்னதற்காகவோ பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை அப்பா 'இனி இந்த வாசலை மிதிக்காதே' என்று அனுப்பிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதை அவள் பள்ளியில் யாரிடம் சொல்லியிருப்பாள்? வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்றே வளர்ந்தவள் அவள். குடும்ப மருத்துவரோ அப்பாவுக்கும் அதே மருத்துவர். கோயிலில் எழுதி வாங்கலாம் என்றால், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அதோடு அம்மா. அப்பாவுக்குத் தெரியாமல் குளியலறையிலிருந்து போன் எடுத்து, 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டு வைத்துவிடும் அம்மாக்கள் நம்மில் எத்தனையோ பேர். தீபாவளிக்கு ஐம்பது பவுண்டை அக்காவின் கணக்கு வழியாக அனுப்பிவைப்பார்கள். இந்த அழைப்பு தொடர்பா இல்லையா? அக்காவோடு பேசினால் சிக்கலில்லை, விதி பெற்றோரைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் அம்மாவின் குரல் வந்துகொண்டிருக்கும் வரை ஓராண்டுத் தொடர்பின்மை என்ற வழி அந்தப் பெண்ணுக்கு அடைபட்டுவிடும். உறவு மீள முடியாதபடி அறுந்தது என்ற இரண்டாவது வழியில், சாட்சிக் கடிதத்தின் பலத்தில்தான் அவள் போக வேண்டியிருக்கும். பெற்ற அம்மாவின் அழைப்பை எடுக்காமல் இருந்தால்தான் விண்ணப்பம் எளிதாகும் என்ற நிலையை ஒரு பிள்ளைக்கு உண்டாக்குவது கொடுமை. விதி எழுதியவர்கள் அதை நினைத்து எழுதியிருக்கமாட்டார்கள், ஆனால் விளைவு அதுதான்.

இந்தப் பிரிவில் மோசடி நடக்கிறதா என்று பார்க்க, சில மாணவர்களின் சமூக ஊடகப் பக்கங்களை, இந்தக் கடன்களை வழங்கும் மாணவர் கடன் நிறுவனம் பார்த்திருந்தது என்ற செய்தி 2018இல் வெளியாகிப் பெரும் கண்டனத்தைக் கிளப்பியது. உறவு அறுந்தவர்களுக்காகப் பேசிவந்த ஸ்டாண்ட் அலோன் என்ற தொண்டு நிறுவனம் 2024இல் மூடப்பட்டுவிட்டது. யுனைட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இன்னும் இயங்குகிறது. உறவு அறுந்தவர்களுக்கும் பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கும், தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகங்களில், விடுமுறை நாட்கள் உட்பட ஆண்டு முழுக்க வாடகையில்லா அறை தருகிறது. மற்ற மாணவர்கள் கோடையில் வீட்டுக்குப் போய்விடும்போது, போக வீடில்லாத ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. தனியார் வீடு எடுக்கப் போனால் பிணையாளர் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள்; பெரும்பாலோருக்கு அது அப்பா.

அகதியாக வந்த குடும்பங்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு பிரிவும் இங்கே இருக்கிறது. பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, வெளிநாட்டில் இருக்கும் அவர்களைத் தொடர்புகொள்வது அவர்களுக்கே ஆபத்து என்றாலோ, மாணவரை இன்டிபென்டென்ட் என்று ஏற்றுக்கொள்ள விதியில் இடமுண்டு. போருக்குப் பின் தனியாகவோ உறவினரோடோ வந்து சேர்ந்த பிள்ளைகள் சிலர் இதற்குள் வருவார்கள்.

கடன் குறைந்தால் திருப்பிக் கட்டுவதும் குறைவுதானே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். 2016க்கு முன்பு ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியம் இருந்தது. அப்போதைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2015 ஜூலை பட்ஜெட்டில் அதை எடுத்துவிடுவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு சேர்ந்தவர்களிலிருந்து முழுக்கவும் கடன் ஆனது. அதன் பிறகு, லண்டனுக்கு வெளியே மூன்று ஆண்டு படித்து முடிக்கும்போது, 2025-26 தொகைகளின்படி, ஏழை வீட்டுப் பிள்ளையின் தலையில் வசதியான வீட்டுப் பிள்ளையைவிட ஏறக்குறைய 17,000 பவுண்டு கூடுதல் கடன் நிற்கும். 2023 ஆகஸ்டுக்குப் பின் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கும் தொகையில் 9 சதவீதம் கட்ட வேண்டும், 40 ஆண்டுகள் வரை. படிக்கும்போது கையில் பணம் குறைவாக இருப்பது நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு, வேலைக்குப் போனபின் கடன் அதிகமாக இருப்பது ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு என்று சுமையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு உதாரணம் தேடித் தூரம் போக வேண்டாம். பக்கத்தில் வேல்ஸ் இருக்கிறது. வேல்ஸ் அரசு அமைத்த டயமண்ட் குழுவின் பரிந்துரைப்படி 2018இலிருந்து, ஒரே மாதிரி இடத்தில் தங்கிப் படிக்கும் வேல்ஸ் மாணவர்கள் எல்லோருக்கும் வாழ்க்கைச் செலவுக்கு ஒரே தொகை. குடும்ப வருமானம் அதில் எத்தனை பங்கு மானியம், எத்தனை பங்கு கடன் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. 18,370 பவுண்டுக்குக் கீழே வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பெரும்பங்கு மானியம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஆயிரம் பவுண்டு மானியம், மீதி கடன். அப்பா கோபத்தில் பணம் அனுப்பாவிட்டாலும் மாணவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பெற்றோரின் வருமானத்தைக் கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அதை மானியத்தைப் பங்கிடுவதற்கு வைத்துக்கொள்வது ஒன்று. பிள்ளையின் சாப்பாட்டுப் பணத்தைக் குறைப்பதற்கு வைத்துக்கொள்வது வேறு. முதலாவதுதான் நியாயம் என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் விதி மாறும் வரை, இருப்பதை வைத்துத்தான் காரியம் நடத்த வேண்டும். பெற்றோரின் விவரம் இன்னும் வரவில்லை, உறவு அறுந்ததற்கான சான்று கையில் இல்லை என்பதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வருமானம் பார்க்காத அடிப்படைத் தொகைக்கு முதலில் விண்ணப்பித்துவிட்டு, விவரமும் சான்றும் வந்தபின் மறுமதிப்பீடு கேட்கலாம். கல்வியாண்டு தொடங்கி ஒன்பது மாதம் வரை விண்ணப்பிக்க முடியும். வீட்டில் நிலைமை சரியில்லை என்று தெரிந்த பிள்ளை, பள்ளியைவிட்டுப் போகும் முன்பே நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி, பள்ளியின் கடிதத் தாளில் தேதியோடு எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பல்கலைக்கழகங்களில் இத்தகைய மாணவர்களுக்கென்றே ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார், விண்ணப்பம் முடங்கிப்போனால் கடன் நிறுவனத்தோடு பேச அவரை நாடலாம். பணம் வரும் வரை சமாளிக்கப் பல்கலைக்கழகத்தின் இடர்உதவி நிதியையும் அவரிடமே கேட்கலாம்.